"கை வைக்காதீர்கள்" என்பவர் யாருடைய இழப்பைக் கணக்கிடுகிறார்?

இது சற்றே நீண்ட பதிவு. பழைய காரின் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றியது. ஆயினும், கண்ணால் கண்ட சான்றுகளிலிருந்து பிழையான முடிவுக்கு நாம் எப்படி வந்துசேர்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மையில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே புள்ளியியல் பயில்வோரும், வீட்டில் பழைய தானியங்கிக் கார் வைத்திருப்போரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

புனேயில் ஆய்வு மாணவனாக நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். என் சித்தப்பா இந்நகரில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் அவருடைய இடக்கால் வலுவிழந்தது. கிளட்சை மிதித்து வண்டி ஓட்ட அவரால் இயலாது. பலருக்குச் சொகுசாக இருக்கும் தானியங்கி கியர்பாக்ஸ், அவருக்கு வீட்டைவிட்டு வெளியே செல்வதற்கான ஒரே வழி. அவருடைய கார் 2011-இல் வாங்கியது. டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஐந்து வேக கியர்பாக்ஸ். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டு அவ்வண்டியின் பழைய ரசீதுகளை அடுக்கி வைத்தபோதுதான், கியர்பாக்ஸ் எண்ணெய் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்பது தெரிந்தது.

சித்தப்பா பதினைந்து ஆண்டுகளாக நம்பும் மெக்கானிக்கிடம் கேட்டோம். அவர் தயக்கமின்றிச் சொன்னார்: "காகா, இத்தனை வருடம் மாற்றவில்லை. இனிமேல் கை வைக்காதீர்கள். பழைய ஆயிலை எடுத்தால் ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் போய்விடும். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்." வேறொரு பெரிய பணிமனையில் விசாரித்தபோது நேர்மாறான பதில் வந்தது: இன்றே மாற்ற வேண்டும், இயந்திரத்தை இணைத்து முழு எண்ணெயையும் அழுத்தத்துடன் வெளியேற்றிப் புதிதாக நிரப்பிவிடலாம் என்றார்கள். கியர்பாக்ஸ் பழுதடைந்தால் பிரித்துச் சீரமைக்க ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஓய்வூதியம் இல்லாத சித்தப்பாவிடம் அத்தொகை இல்லை. என் உதவித்தொகையில் அது ஏறக்குறைய நான்கு மாத வருமானம். அதுவும் மாதந்தோறும் ஒழுங்காக வந்தால்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கை வைக்காதே" என்னும் அறிவுரையில் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன: சிறிதளவு இயந்திரவியல் உண்மை, பெருமளவு அனுமானப் பிழை, இவற்றுக்கு அடியில் பழிக்கு அஞ்சும் மனித இயல்பு. இம்மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காதவரை, மாற்றலாமா கூடாதா என்னும் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதலில் இயந்திரவியல். தானியங்கி கியர்பாக்ஸில் உள்ள எண்ணெய்க்கு உயவுப்பொருளாக இருப்பது ஒரு வேலை மட்டுமே. டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது அதுவே. வால்வு பாடியின் குறுகிய வழிகளில் அழுத்தமாகப் பாய்ந்து கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும் தளர்த்துவதும் அதுவே. உள்ளே எழும் வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவதும் அதுவே. இவற்றுக்கெல்லாம் மேலாக, எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்றும் அந்தத் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தக் கணத்தில் பிடிக்க வேண்டும் என்பதை அந்த எண்ணெயில் கலந்துள்ள உராய்வு மாற்றிகள் என்னும் சேர்மானங்கள் தீர்மானிக்கின்றன. ஒருகாலத்தில் அமெரிக்காவில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அத்திமிங்கிலம் அறிவிக்கப்பட்டு அதன் எண்ணெய்க்குத் தடை வந்தபின், செயற்கைச் சேர்மானங்களைத் தேட வேண்டியதாயிற்று. வெறும் வழுவழுப்பு மட்டுமே தேவையாக இருந்திருந்தால் அத்தேடலுக்கு அவசியமே இருந்திராது.

இச்சேர்மானங்கள் காலப்போக்கில் தேய்கின்றன. எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயரும்போதெல்லாம் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலார் கைக்கொள்ளும் தோராய விதி. ஹிஞ்ஜவடி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று நின்று நகரும் காரிலும், கண்டாலா மலைப்பாதையில் ஏறும் காரிலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் வழுக்கல் மிகுதி, வழுக்கல் வெப்பமாகிறது. ஆகவே எண்ணெய்க்கு "ஆயுட்காலம் முழுமைக்கும் போதும்" என்று வாகன விளம்பரங்களில் சொல்லப்படும்போது, யாருடைய ஆயுட்காலம் என்று கேட்பது நியாயமே. கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்., தன் தானியங்கி கியர்பாக்ஸ்களுக்கு ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவரே இப்படிச் சொல்லும்போது, "ஆயுட்காலம்" என்பது உத்தரவாதக் காலத்தையே குறிக்கிறது என்று நான் ஊகிக்கிறேன்.

அப்படியானால் மெக்கானிக்கின் அச்சத்தில் உள்ள உண்மை எது? தேய்ந்துபோன கிளட்ச் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். பழைய எண்ணெயில் உராய்வு மாற்றிகள் தீர்ந்துவிட்டதால், நிலை உராய்வு சற்றுக் கூடியிருக்கும். தட்டுகளிலிருந்து உதிர்ந்த துகள்களும் அதில் மிதக்கும். மெலிந்த தட்டுகள் இந்தத் தயவில் எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கலாம். புதிய எண்ணெய் தன் வழுக்கும் இயல்புடன் உள்ளே வரும்போது அந்தப் பிடி விட்டுப்போகலாம். இன்னொன்றும் உண்டு. புதிய எண்ணெயிலுள்ள கழுவும் சேர்மானங்கள் மூலைகளில் படிந்திருந்த கசடைப் பெயர்த்து, வால்வு பாடியின் குறுகிய வழிகளிலோ சொலினாய்டுகளிலோ கொண்டுபோய் அடைக்கக்கூடும். அழுத்தத்துடன் கழுவும் இயந்திரம் இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. பொருந்தாத வகை எண்ணெயை ஊற்றுவது, அளவைச் சரியான வெப்பநிலையில் பார்க்காமல் கூடவோ குறையவோ நிரப்புவது ஆகியவற்றால் நேரும் கேடும் "எண்ணெய் மாற்றியதால் போயிற்று" என்ற கணக்கிலேயே எழுதப்படுகிறது. இவையெல்லாம் மெய்யான ஆபத்துகள். ஆனால் இவற்றுள் முதலாவது ஏற்கெனவே சாகத் தொடங்கிவிட்ட கியர்பாக்ஸுக்கு மட்டுமே பொருந்துவது. மற்றவை செய்முறையைத் திருத்தினால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை.

இனி அனுமானப் பிழைக்கு வருகிறேன். "நான் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்று மெக்கானிக் சொன்னது பொய்யன்று. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எண்ணெய் மாற்றியபின் பழுதான வண்டிகளில், ஏதும் குறை சொல்லாமல் மாற்ற வந்தவை எத்தனை?" அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். "குறை இல்லாமல் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற யார் வருகிறார்கள்? கியர் வழுக்குகிறது, இழுக்கவில்லை என்று சொல்லித்தான் வருவார்கள். பிரித்து வேலை பார்க்கப் பணமில்லை, ஆயிலையாவது மாற்றிப் பார்ப்போம் என்பார்கள்" என்றார். சொல்லி முடித்தவுடன் அவரே சிரித்துவிட்டார்.

அவர் சிரிப்பின் காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆயிரம் பழைய தானியங்கிக் கார்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் நூறின் கியர்பாக்ஸ் உள்ளுக்குள் ஏற்கெனவே சிதைந்திருக்கிறது. என்ன செய்தாலும் சில மாதங்களில் அவை நின்றுபோகும். எஞ்சிய தொள்ளாயிரம் நலமாக உள்ளன, அவை நிற்கப்போவதில்லை. எண்ணெய் மாற்றுவதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சிதைந்த நூறில் அறுபதின் உரிமையாளர்கள் கலவரமடைந்து எண்ணெய் மாற்ற வருகிறார்கள். நலமாக உள்ள தொள்ளாயிரத்தில் முன்னெச்சரிக்கை உடைய தொண்ணூறு பேர் மட்டுமே வருகிறார்கள். ஆக, எண்ணெய் மாற்றிய 150 கார்களில் 60 நின்றுபோகின்றன: 40 சதவீதம். மாற்றாத 850 கார்களில் 40 நின்றுபோகின்றன: ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. எண்ணெய்க்கு எந்த விளைவும் இல்லாத ஓர் உலகில்கூட, எண்ணெய் மாற்றுவது எட்டு மடங்கு ஆபத்தானது போல் தோன்றும்! மெக்கானிக்கின் கண்கள் பிழையாகப் பார்க்கவில்லை. அவர் முன் வந்து நின்ற வண்டிகள்தாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி.

மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடையே இறப்பு விகிதம் வீட்டில் இருப்பவர்களிடையே உள்ளதைவிட மிகுதி. அதனால் யாரும் மருத்துவமனைக்குப் போகாதே என்று சொல்வதில்லை. நோய் முற்றியவர்களே அங்கு போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கியர்பாக்ஸ் விஷயத்தில் அந்த அறிவு நமக்குக் கைகொடுப்பதில்லை. எண்ணெய் மாற்றிய நாள் தெளிவாக நினைவில் நிற்கிறது. தட்டுகள் தேய்ந்த பத்து ஆண்டுகளுக்கு நாள் குறிப்பிட யாராலும் முடிவதில்லை.

ஆனால் இந்த அனுமானப் பிழையை விளக்கிக் காட்டிய பிறகும் மெக்கானிக் மாற்ற ஒப்பவில்லை. அங்கேதான் மூன்றாவது பொருள் எனக்குப் புலப்பட்டது. அவர் சொன்னார்: "நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் மாற்றி, அடுத்த மாதம் தானாகவே அது போனாலும், காகா என்னைத்தான் கேட்பார்." இதில் அறியாமை சிறிதும் இல்லை. எண்ணெயை மாற்றாமல் விட்டு கியர்பாக்ஸ் போனால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி எல்லோரும் அமைதியடைவோம். மாற்றிய பின் போனால், கடைசியாகத் தொட்டவர் மேல் பழி விழும். அவர் சில நூறு ரூபாய் கூலிக்கு ஒன்றரை லட்ச ரூபாய்ப் பழியைத் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் நிலையில் நான் இருந்திருந்தால் நானும் "கை வைக்காதீர்கள்" என்றே சொல்லியிருப்பேன்.

மறுபுறம், இன்றே முழுவதையும் கழுவிவிடலாம் என்ற பணிமனைக்கும் தன் கணக்கு உண்டு. கழுவும் இயந்திரத்தில் முதலீடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கழுவலும் வருமானம். கியர்பாக்ஸ் போனால் பழைய வண்டி என்று கூறும் எழுத்துப்பூர்வ விலக்கு ரசீதின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருவரின் அறிவுரை பழியின் அச்சத்திலும் மற்றவரின் அறிவுரை வருமானத்தின் பக்கமும் சாய்ந்திருந்தது. வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று இருவரில் ஒருவரும் அதுவரை திறந்து பார்க்கவில்லை.

எனவே நாங்கள் செய்தது இது. முதலில், ஒரு வாரம் வண்டியைக் கவனித்துக் குறிப்பெடுத்தோம். டி-யில் போட்டதும் தாமதமின்றி இழுக்கிறதா? ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடைவெளியில் எஞ்சினின் வேகம் மட்டும் வீணாக ஏறுகிறதா? மெதுவாக முடுக்கும்போது சீரான வேகத்தில் அதிர்வு தோன்றுகிறதா? முதல் இரண்டு குறைகளும் இல்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது மட்டும் ஓர் உலுக்கல் இருந்தது. பிறகு சில துளி எண்ணெயை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தோம். புதிதாக இருந்தபோது சிவப்பாக இருந்திருக்க வேண்டியது, காப்பிக் கஷாய நிறத்தில் இருந்தது. ஆனால் கருகிய வாடை இல்லை. நிறம் மட்டும் நம்பத்தக்க சான்றன்று. கருகிய வாடையும் சேர்ந்தால்தான் தட்டுகள் எரிந்தமைக்கான அறிகுறி.

அடுத்து, மெக்கானிக்கின் அச்சத்தை நீக்க வேண்டியிருந்தது. வண்டியின் அன்றைய நிலையை இந்தியில் ஒரு பக்கத்தில் எழுதி, எண்ணெய் மாற்றியபின் கியர்பாக்ஸ் பழுதானால் அதற்கு மெக்கானிக் பொறுப்பல்லர் என்றும் சேர்த்து, சித்தப்பா கையொப்பமிட்டார். சித்தி அதைப் படித்துவிட்டு, "எண்ணெய் ஊத்தறதுக்கு உயில் எழுதற குடும்பம் இது ஒண்ணுதான்" என்றார். கேலிதான். ஆனால் அந்தத் தாளைக் கண்டபின் மெக்கானிக் வேறு மனிதரானார். அதுவரை "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், எந்த வகை எண்ணெய் என்று கையேட்டைப் புரட்டச் சொன்னார். எது சிவப்பாக இருந்தாலும் ஊற்றிவிடலாம் என்ற எண்ணம் கூடாது என்று எங்களுக்கே பாடம் எடுத்தார். நானா பேட்டில் நம்பகமான கடையைச் சொல்லி அனுப்பினார். இயந்திரக் கழுவல் வேண்டவே வேண்டாம், அடியிலுள்ள திருகைக் கழற்றித் தானாக வடிவதை மட்டும் மாற்றுவோம் என்றார். இவ்வளவு அறிவும் அவரிடம் முன்பே இருந்தது. பழிச்சுமை அதை வெளிவர விடாமல் அடக்கி வைத்திருந்தது.

அவர் சொன்ன முறையின் தர்க்கம் எளிது. கியர்பாக்ஸில் மொத்தம் ஏறத்தாழ ஆறேகால் லிட்டர் எண்ணெய். திருகைக் கழற்றினால் வடிவது இரண்டரை லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் வழிகளிலும் தங்கிவிடும். முதல் முறைக்குப் பிறகு 40 சதவீதம் புதியது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் வடித்து நிரப்பினால் 64 சதவீதம். மூன்றாம் முறையில் ஏறத்தாழ 78 சதவீதம். மாற்றம் படிப்படியாக நிகழ்வதால், கசடு ஒரேயடியாகப் பெயர்ந்துவிடும் ஆபத்து குறைகிறது. ஒவ்வொரு படியிலும் வண்டியின் நடத்தையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளவும் முடிகிறது. முதல் முறை திருகைக் கழற்றியபோது அதன் காந்த முனையில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. அது இயல்பான தேய்மானம். விரலில் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் அங்கேயே முடிவை மறுபரிசீலனை செய்திருப்போம். மூன்று முறைக்கும் சேர்த்துச் செலவு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. உலுக்கல் பெருமளவு குறைந்திருக்கிறது. வண்டி ஓடுகிறது. இதை என் வாதத்துக்குச் சான்றாகக் காட்ட மாட்டேன். அப்படிக் காட்டினால் மெக்கானிக் செய்த அதே பிழையை எதிர்த்திசையில் செய்தவனாவேன். அந்த கியர்பாக்ஸ் அடுத்த வாரமே நின்றுபோகலாம். போனாலும், அன்று எங்கள் கையிலிருந்த தகவல்களுக்கு எடுத்த முடிவு சரியானதே என்று நான் கருதுகிறேன். முடிவின் தரமும் விளைவின் தரமும் வேறு வேறு என்பதை வகுப்பில் எழுதுவது எளிது. ஒன்றரை லட்ச ரூபாய் முன்னால் நிற்கும்போது சொல்வதுதான் கடினம்.

பொதுவாக இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். குறை ஏதும் இல்லாமலோ, சிறு உலுக்கலோ அதிர்வோ மட்டும் உடையதாகவோ இருக்கும் பழைய கியர்பாக்ஸுக்கு, உரிய வகை எண்ணெயைப் படிப்படியாக மாற்றுவதே நன்று. ஏற்கெனவே வழுக்குகிற, எண்ணெயில் கருகிய வாடை வீசுகிற கியர்பாக்ஸை எண்ணெய் காப்பாற்றாது. அங்கே மெக்கானிக்கின் "கை வைக்காதீர்கள்" ஒருவகையில் சரி. அந்தப் பணத்தைச் சீரமைப்புக்குச் சேர்த்து வையுங்கள். நான் சொன்னவை டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு உரியவை. நம் நாட்டில் சி.வி.டி., இரட்டைக் கிளட்ச், ஏ.எம்.டி. ஆகிய அனைத்தையுமே "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். ஏ.எம்.டி. என்பது கிளட்சையும் கியரையும் கருவி இயக்கும் சாதாரண கியர்பாக்ஸ். அதன் எண்ணெயின் இயல்பே வேறு. மற்றவற்றுக்கும் தத்தமக்கு உரிய எண்ணெய் உண்டு. கையேட்டைப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆய்வகக் கருவிகள், துறைப் பாடத்திட்டங்கள், பழைய மென்பொருள்கள் என்று நாம் பணிசெய்யும் இடங்களிலும் "ஓடுகிறவரை தொடாதே" என்னும் குரலை அடிக்கடி கேட்கிறோம். அடுத்த முறை கேட்கும்போது, சொல்பவரின் அறிவை ஐயுறுவதற்கு முன், தொட்டபின் பழுதானால் பழி யார் மேல் விழும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பழியை நாம் ஏற்றுக்கொள்ள முன்வந்தால், அவர் அறிவுரை மாறுகிறதா என்றும் பாருங்கள்.

வாகனத் துறையில் பணியாற்றும் நண்பர்கள் என் விளக்கத்தில் பிழை கண்டால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன், திருத்திக்கொள்வேன். பணிமனைப் பதிவேடுகளில், எண்ணெய் மாற்ற வந்தபோது வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துக் குறித்து வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டைப் பார்க்க மிகவும் விரும்புகிறேன்.